உலக்கைக்குக் காது வைத்த ராஜ்யம்

இல்லாத நாடுகளைப் பற்றிய நாவல்கள் இப்போது நிறைய வருகின்றன. யாராவது வாங்கி வந்து கொடுக்கிறார்கள், நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்து முடித்துவிடுகிறேன். ஜனங்கள் மூச்சு விடுவதற்கும் உத்தரவு வாங்க வேண்டிய நாடு, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்துப் பிழைக்க வேண்டிய நாடு, இப்படி. எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு பெரிய மதிலைக் கட்டிவிடுகிறார்கள். சீருடை போட்ட காவலாளிகளை நிறுத்துகிறார்கள். எதையும் பார்த்துவிடுகிற ஏதோ ஒரு யந்திரத்தையும் வைத்துவிடுகிறார்கள். இவ்வளவு செலவு எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும். ஆறு வீட்டுக்கு ஒரு பொதுக் கிணறும், ஊரில் கொஞ்சம் அரிசித் தட்டுப்பாடும் போதும். மிச்சத்தை ஜனங்களே பார்த்துக்கொள்வார்கள். இதை நான் எந்தப் புஸ்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தென்காசியில் எங்கள் வளவில் தெரிந்துகொண்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். தலைப்பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். என் கணவர் பட்டணத்தில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. அவருடைய ஆபீஸுக்கு ரோடும் பாலமும்தான் வேலை, நெல்லுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் எங்கள் வளவில் அதை யாருக்குப் புரியவைப்பது? சர்க்கார் என்றால் எல்லாம் ஒரே சர்க்கார்தான். நான் ஜட்கா வண்டியிலிருந்து இறங்கின அன்றைக்கே ஒருத்தி என் வயிற்றைப் பார்த்தாள், இன்னொருத்தி என் பெட்டியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தவள்மேல் எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. என் சுபாவம் அப்படி. யாராவது காரணமில்லாமல் சிரித்தால் என்ன காரணம் என்று யோசிப்பேன். காரணத்தோடு சிரித்தால் இன்னும் யோசிப்பேன்.

வளவு என்றால் தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே நடுவில் முற்றமும் கிணறும், சுற்றிலும் வீடுகள். ஒரு தாத்தாவின் சொத்து பங்கு பிரிந்து பங்கு பிரிந்து ஆறு குடும்பமாக ஆனது. அதனால் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். என் அப்பா காலமாகிவிட்டார். அம்மா தனியாகக் கொஞ்சம் வயலைக் குத்தகைக்கு விட்டு ஜீவனம் நடத்திக்கொண்டிருந்தாள். எங்களுக்கு நேர் எதிர்வீடு பெரியப்பா மகனுடையது. நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் மனைவியை மதினி என்பேன். அண்ணாச்சிக்குக் கீழப்பாவூர்ப் பக்கம் நல்ல நஞ்சை இருந்தது, நல்ல கோபமும் இருந்தது. மதினி அவர் குரல் கேட்டாலே கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். கிணற்றுக்குப் பக்கத்து வீட்டில் சித்தி இருந்தாள். வளவுக்குள் ஒரு பல்லி சத்தம் போட்டாலும் எந்தத் திசையில் போட்டது என்று சித்தி சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் நெல் ஆபீசர் என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். வீட்டில் எத்தனை வாய், ஆளுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு மிச்ச நெல்லையெல்லாம் சர்க்கார் விலைக்கு அளந்துவிட வேண்டும். அளந்தவர்கள் அளந்தார்கள். கொஞ்சம் ஒளித்துவைக்காதவர்கள் எங்கள் தெருவில் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அடுத்த போகம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பர்மா அரிசியும் நின்றுபோய்விட்டது. ரேஷனில் போட்ட அரிசியைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.

ஒளித்துவைப்பது பெரிய காரியமில்லை. அதை அரிசியாக்குவதுதான் காரியம். மில்லுக்குக் கொண்டுபோனால் ஏது என்று கேட்பார்கள். வீட்டில் உரலில் போட்டுக் குத்தினால் உலக்கைச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். தலையாரி தெருவாசலில் வந்து நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். அதற்கு எங்கள் வளவுப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு வீட்டில் நெல் குத்தத் தொடங்கினால் மற்ற வீடுகளிலும் உலக்கையைத் தூக்கிவிடுவார்கள். ஒருத்தி மிளகாய் வற்றல் இடிப்பாள், ஒருத்தி மஞ்சள் இடிப்பாள், இடிக்க ஒன்றுமில்லாதவள் தவிட்டையே போட்டு இடிப்பாள். ஆறு உலக்கையும் சேர்ந்து விழும்போது எது நெல், எது மிளகாய் என்று தலையாரிக்கு எப்படித் தெரியும்? இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, தானாக ஏற்பட்டது. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒன்றும் உறைத்தது. யார் வீட்டில் எத்தனை தடவை நெல் குத்தினார்கள் என்று மற்ற ஐந்து வீட்டுக்கும் இதனாலேயே தெரிந்துபோயிற்று.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் எங்கள் வீட்டு முன்கூடத்தில், பட்டாசல் என்போம், அங்கே கூடுவார்கள். அரிசியில் கல் பொறுக்குவதோ, புளி தட்டுவதோ, கையில் ஏதாவது ஒரு வேலை இருக்கும். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள் என்பதால் வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையை வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. அப்போது ஒரு கதை வந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு ராஜ்யம். அங்கே ராஜா ஜனங்களுடைய தானியத்தையெல்லாம் கோட்டைக்குள் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு, ஆளுக்குத் தினம் ஒரு பிடி கொடுக்கிறான். கதாநாயகி ஒரு பானை நெல்லை ஒளித்துவைத்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. எழுதினவர் யாரோ, நெல்லைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. பானை நெல்லைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள் அவருடைய கதாநாயகி.

கதை பாதியில் நிற்கும்போது பத்திரிகை வருவது நின்றுவிட்டது. காகிதம் கிடைக்கவில்லை என்றார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். அப்புறம் சித்திதான் ஆரம்பித்தாள்.

"ஏட்டி, அவ என்ன ஆனான்னு நீயே சொல்லேன். நீ படிச்சவதான?"

"எனக்கு எப்படித் தெரியும் சித்தி? எழுதுனவருக்கே தெரியுமோ என்னமோ. வேணும்னா இனிமே என் சரக்கா இட்டுக்கட்டிச் சொல்லுதேன். அப்புறம் நல்லா இல்லைன்னு சொல்லப்படாது."

இப்படி எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

தலையணையை முதலில் எடுத்துப்போட்டேன். என் ராஜ்யத்தில் ராஜாவின் ஆட்கள் உலக்கைச் சத்தத்துக்குக் காது வைத்தார்கள். பொழுது சாய்ந்ததும் வீடு வீடாக வந்து அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்த்து, கொடுத்த தானியத்துக்கு மேல் சூடு இருக்கிறதா என்று சோதித்தார்கள். தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன சோறு என்று பிரியமாகக் கேட்டார்கள். பக்கத்து வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வந்து சொல்கிறவளுக்கு ஒரு மாதத்துக்கு உப்பும் மண்ணெண்ணெயும் இனாம். எனக்குக் கற்பனை ஒன்றும் பெரிதாக ஓடவில்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், அடுத்த அத்தியாயம் வந்துவிடும். கேட்டவர்களும் அதை ரசித்தார்கள். தலையாரியைப் பற்றி வாய்விட்டுப் பேச முடியாத இடத்தில் ராஜாவின் ஆளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் அல்லவா?

ஒரு நாள் கதாநாயகி பிடிபடுகிற கட்டத்துக்கு வந்துவிட்டேன். பட்டாசலில் எல்லோர் கையும் நின்றுவிட்டது. சித்தி மட்டும், "அவளுக்கு ஒரு வழி வையிட்டி. பாவம்லா," என்றாள்.

எனக்கும் மனம் கேட்கவில்லை. நிறைமாதக்காரி வேறு, யாரையும் சிறையில் போட இஷ்டமில்லை. அதனால் அந்த இடத்திலேயே ஒரு சட்டத்தைச் செய்தேன். பிடிபடுவதற்கு முன்னால் தானாகவே வந்து, ஒளித்துவைத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறவளுக்குத் தண்டனை கிடையாது, பாதித் தானியத்தையும் ராஜா திருப்பித் தந்துவிடுவான். கதாநாயகி அப்படியே செய்தாள், பாதியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். எல்லோரும் பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போனார்கள். நான் வென்னீர் போட்டுக் கால் கழுவிக்கொண்டு படுத்துவிட்டேன்.

சாரல் விழ ஆரம்பித்திருந்தது. வளவுப் பெண்கள் எல்லோரும் வில்வண்டி பூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். எனக்கு அருவியில் நிற்க அனுமதி இல்லை. ஈரக் காற்றில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மற்றவர்களுடைய துணிகளைக் காவல் காத்தேன். சீசனுக்கு வந்த கூட்டம், எண்ணெய் தேய்க்கிறவர்களின் கூப்பாடு, எங்கே பார்த்தாலும் சீயக்காய் வாசனை. எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் குடைபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டணத்துப் பேச்சு. கையில் அந்த வாரப் பத்திரிகையின் புது இதழ். என் கண் அதிலேயே நின்றது. பேச்சுக் கொடுத்தேன். நெல் ஆபீசரின் சம்சாரமாம். ஆபீசர் சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் தங்கிக்கொண்டு அங்கிருந்தே வேலையைப் பார்க்கிறாராம். நல்ல மாதிரிதான் பேசினாள். படித்துவிட்டேன், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று பத்திரிகையைக் கொடுத்தாள். நான் அதை நனையாமல் மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஈரத் தலையோடு கரையேறி வந்த சித்தி, நான் அந்த அம்மாளோடு பேசுவதையும் கையில் வாங்குவதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. சித்தி கேட்காமலிருந்தால் அது நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். கிளம்பும்போது மதினியைக் காணவில்லை. கொஞ்ச நேரம் தேடின பிறகு, குற்றாலநாதர் கோவிலுக்குப் போய்விட்டு வந்தேன் என்று மூச்சு வாங்க வந்து வண்டியில் ஏறினாள்.

வீட்டில் வந்து பத்திரிகையைப் பிரித்தேன். அந்த எழுத்தாளர் கதையை முடித்துவிட்டிருந்தார். கதாநாயகி திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறாள். ராஜாவும் இல்லை, கோட்டையும் இல்லை, எல்லாம் கனவாம். காப்பி ஆறிக்கொண்டிருக்கிறதாம், புருஷன் சிரிக்கிறானாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வாரம் ஜனங்களைப் பயமுறுத்திவிட்டுக் கடைசியில் காப்பியா? அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பட்டாசலில் அதை வாசித்துக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டொரு நாள் கழித்து, காலையில் நெல் ஆபீசரின் ஆட்கள் வண்டியோடு வந்து இறங்கினார்கள். வளவுக்குள் நுழைந்தவர்கள் வலது பக்கமும் பார்க்கவில்லை, இடது பக்கமும் பார்க்கவில்லை. நேராக அண்ணாச்சி வீட்டுத் தொழுவுக்குப் போனார்கள். அங்கே மாட்டுக்குப் பின்னால் வரட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. முன்வரிசை வரட்டியைத் தட்டிவிட்டார்கள். பின்னால் மூட்டைகள். பிசானப் போகத்தில் விளைந்த நெல், வருஷம் முழுக்க அந்தக் குடும்பம் நம்பியிருந்த நெல். ஒரு மூட்டைகூட விடாமல் வண்டியில் ஏற்றினார்கள். அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தார், கேஸ் உண்டு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மதினி தொழுவில் சரிந்து கிடந்த வரட்டியை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அங்கே போய் நின்றேன். அவள் தலை நிமிரவில்லை.

தேடிக் கண்டுபிடித்த மாதிரி இல்லை, தெரிந்து வந்த மாதிரி இருந்தது. அப்படியென்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவள் வளவுக்குள்ளேயே இருக்கிறாள். எனக்குச் சித்திமேல்தான் சந்தேகம். சாக்கடைத் தண்ணீர் விஷயமாக மதினிக்கும் அவளுக்கும் கொஞ்ச நாளாகவே பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நீ யாரைச் சொல்லிட்டு இருக்க? கிணத்தடியில எல்லாரும் ஒன்னையத்தான் சொல்லுதாவ. ஆபீசர் பொண்டாட்டிட்ட என்னமோ வாங்குனியாமே. ஒன் மாப்பிள்ளையும் சர்க்கார் ஆளு. கதையில வந்த மாதிரியே வந்து எடுத்துட்டுப் போயிருக்கான், இவளுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்னு கேக்குதாவ."

"கதையைப் பாத்துட்டு அவன் வரலை. அவனைப் பாத்துட்டு நான் கதை சொன்னேன்."

"இதை நான் யார்ட்டப் போயிச் சொல்ல?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் எங்கள் பட்டாசலுக்கு யாரும் வரவில்லை. நான் கிணற்றடிக்குப் போனால் அங்கே இருப்பவர்களுக்கு வீட்டில் ஏதாவது ஞாபகம் வந்துவிடும். என் கணவரிடமிருந்து கடிதம் வந்தால் தபால்காரர் போன பிறகும் இரண்டு கதவு திறந்தே இருக்கும். இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் அம்மா கொஞ்சம் நெல்லை உரலில் போட்டாள். ஒளித்துவைத்ததுதான், எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு கஞ்சிக்கு என்று வைத்திருந்தது. இரண்டு குத்துக் குத்திவிட்டுக் காத்திருந்தாள். எந்த வீட்டிலும் உலக்கையைத் தூக்கவில்லை. மறுபடி குத்தினாள். அம்மாவின் உலக்கைச் சத்தம் மட்டும் வளவு முழுக்கக் கேட்டது. அவள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, உரலில் கிடந்த நெல்லைக் கையால் அள்ளி மறுபடியும் பானையில் போட்டாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

பயம் நெல்லுக்காக இல்லை. எனக்கு நாள் நெருங்கிவிட்டது. மருத்துவச்சி வேறு தெருவிலிருந்து வர வேண்டும். அவள் வந்தாலும் பிடித்துக்கொள்ள, வென்னீர் எடுத்துக் கொடுக்க, நான்கு கை வேண்டும். அம்மாவோ விதவை. பிள்ளை பிறந்த பிறகு முதல் எண்ணெய் தொட்டு வைக்க, தொட்டிலில் போட, எதற்கும் அவள் முன்னால் வரக்கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். வளவுப் பெண்கள் வராவிட்டால் என் குழந்தையை எடுத்துத் தொட்டிலில் போட ஆள் கிடையாது. என் வாய்க்கு நான் பயந்ததே இல்லை. அப்போது பயந்தேன்.

வலி ஒரு முற்பகலில் எடுத்தது. அம்மா மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பிவிட்டு, வீடு வீடாகப் போய் நின்றாள். சித்திக்குத் தலைவலியாம். ஒரு வீட்டில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்களாம். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. அம்மா அழுதுகொண்டே திரும்பி வரும்போது அவள் பின்னாலேயே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி வந்தாள். மதினி.

என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டால் குடி கெட்டது என்று ஊர் சொல்கிறது, கெட்ட குடியிலிருந்து ஒருத்தி வந்து என் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பெண் பிறந்தது. மதினிதான் முதல் எண்ணெய் தொட்டு வைத்தாள். மறுநாளிலிருந்து தினமும் காலையில் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிவிட்டுப் போனாள். அம்மா அவளைத் தெய்வம் என்றாள். என்னால் உறங்க முடியவில்லை. எதற்காக வருகிறாள்? பழி வாங்கவா? எண்ணெயை அவள் கொண்டுவந்த கிண்ணத்திலிருந்து முகர்ந்து பார்த்தேன். குழந்தையின் தலையை அவள் நீவிவிடும்போது விரல்களை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். மதினி குழந்தையைத் துடைத்துச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி, நெசத்தைச் சொல்லுங்க. ஒங்க நெல்லு போனதுக்கு நான்தான் காரணம்னு எல்லாரும் சொல்லுதாவ. நீங்க மட்டும் ஏன் வாறிய?"

அவள் புகைச்சட்டியைத் தள்ளிவைத்தாள். குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். நான்தாட்டி சொன்னேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அன்னைக்குக் குத்தாலத்துல கோயிலுக்குப் போகலை. ஈரச் சேலையோட ஆபீசரு பங்களாவை விசாரிச்சுப் போனேன். வரட்டிக்குப் பின்னால இருக்குன்னு நானே சொன்னேன். கிணத்தடிக்காரி, அதான் ஒன் சித்தி, முந்திக்கிடுவாளோன்னு பயம். அவளுக்குத் தெரியும்லா. எப்படியும் ஒரு நாளு போகப்போகுது, நாமளாப் போயிச் சொன்னா பாதியாவது மிஞ்சும்னு நெனச்சேன். ஆபீசரு தலையை ஆட்டுனாரு. சரி, பாதியத் தருவாருன்னு வந்துட்டேன்."

"பாதி தருவாவன்னு யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன. புடிபடுததுக்கு முந்தி தானாப் போயி ஒத்துக்கிட்டா தண்டனை இல்லை, பாதியைத் திருப்பித் தந்திருவான்னு."

"மதினி, அது கதை. இட்டுக்கட்டிச் சொல்லுதேன்னு சொல்லிட்டுத்தானே சொன்னேன்."

"அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பாக்குதது கதையா? தலையாரி எங்க வீட்டுல தொட்டுப் பாத்தான். பிள்ளையள்ட்ட என்ன சோறுன்னு கேக்குதது கதையா? எம் மவன்ட்டயே கேட்டான். உலக்கைக்குக் காது வச்சது கதையா? எல்லாம் இங்கன நடந்துச்சு. ஒன் மாப்பிள்ளை கடுதாசியில எழுதுததை நீ கதை மாதிரிச் சொல்லி எங்களை உசார்படுத்துதன்னு நெனச்சேன். அந்த ஒண்ணு மட்டும்தான் கதைன்னு எனக்கு எப்படிட்டித் தெரியும்?"

அவள் சொன்னது சரிதான். அந்த ராஜ்யத்தில் இருந்த கெடுதல் எல்லாம் நான் முற்றத்திலிருந்து எடுத்துப் போட்டது. என் சொந்தக் கற்பனை என்று அதில் இருந்தது ஒரே ஒரு இரக்கம்தான். அதை நம்பி இவள் போயிருக்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"அப்ப ஏன் பேசாம இருந்திய? எம் பேரு போச்சு. எங்க அம்மை கிணத்தடிக்குப் போக முடியலை."

"ஒங்க அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா என்னைய எங்க அம்மை வீட்டுக்கு அனுப்பிருவாவ. பிள்ளையளத் தர மாட்டாவ." குழந்தையை எடுத்து என் மடியில் போட்டாள். "நீ என்ன, கொஞ்ச நாள்ல பட்டணத்துக்குப் போயிருவே. நான் இங்கனதான கெடக்கணும்."

அவ்வளவு சாந்தமாகச் சொன்னாள். பாதி நெல்லுக்குக் கணக்குப் போட்ட மாதிரியே என்னையும் கணக்குப் போட்டுவைத்திருந்தாள். தினமும் வந்து குழந்தையைக் குளிப்பாட்டுவது அந்தக் கணக்கில் எனக்குத் தருகிற பாதி போலிருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்று அவளும் கேட்கவில்லை, சொல்லமாட்டேன் என்று நானும் சொல்லவில்லை.

குழந்தையைத் தொட்டிலில் போடுகிற அன்றைக்கு அம்மா ஒவ்வொரு வீட்டிலும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். சம்பிரதாயத்துக்காக நாலைந்து பேர் வந்தார்கள். வெற்றிலையைத் தொட்டும் தொடாமலும் எடுத்துக்கொண்டு, சுவரோரமாக உட்கார்ந்தார்கள். மதினி குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டாள். அப்போது சித்தி என்னைப் பார்த்து, "பேரு என்ன வைக்கப்போற? ஆபீசர் பொண்டாட்டிட்டக் கேட்டுக்கிட்டியா?" என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மா ஓரமாகக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பேத்திக்குப் பேர் வைக்கிற நாளில் இவள் ஏன் கதவுக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். நடந்தது எல்லாவற்றையும், குற்றாலத்துப் பங்களாவிலிருந்து பாதி நெல் வரைக்கும், ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொன்னது யார் என்றும் சொன்னேன்.

வந்தவர்கள் எல்லோரும் மதினியைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தன் வீட்டு நெல்லத் தானே காட்டிக்குடுக்கவ எந்த ஊர்லட்டி இருக்கா?"

"இவ ராசா ஊர்ல இருப்பா," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பல நாளுக்குப் பிறகு எங்கள் பட்டாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் மதினியைப் பார்த்தேன். தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு அம்மா தாம்பாளத்தைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இந்த வளவுல வந்துட்டு இருந்தது அவ ஒருத்திதான். கடைசியில அவ மேலயே பழியத் தூக்கிப் போட்டுட்டியேட்டி."

பெற்ற தாயும் நம்பவில்லை. அதற்கு மேல் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் மதினி வரமாட்டாள் என்று நினைத்தேன். அம்மா மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று வென்னீர் போட்டு வைத்திருந்தாள். வழக்கமான நேரத்துக்கு அவள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வென்னீரைக் கையில் விட்டுச் சூடு பார்த்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தைக்காகக் கையை நீட்டினாள். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். முற்றத்தில் ஐந்து வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. குழந்தையை அவள் கையில் கொடுத்தேன்.